ரேஷன் அரிசி இருந்தும் ஏன் பசி? இராமநாதபுரம் கடற்கரையில் ஒரு சிறிய அறக்கட்டளையின் வேலை

மே மாதத்தின் நடுவில் ஒரு முற்பகல். இராமேஸ்வரம் தீவில் ஒரு வாடகை வீட்டின் அடுக்களை. சுவரோரம் ரேஷன் அரிசிப் பை சாய்ந்திருக்கிறது, பாதிக்கு மேல் மீதம். அடுப்பில் சோறு கொதிக்கிறது. குழம்புச் சட்டி மட்டும் கழுவிக் கவிழ்த்தபடி கிடக்கிறது. அதன் அடிப்பக்கத்தில் தூசி படிந்திருந்தது. எத்தனை நாளாக அது அடுப்பேறவில்லை என்று அந்தத் தூசியே சொல்லியது.

என்னுடன் வந்திருந்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. தீவில் இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளைக்காக வீடு வீடாகப் போகிறவர். ஊரில் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். அறக்கட்டளையின் பெயரையோ அவருடைய பெயரையோ எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் இரண்டையும் விட்டுவிடுகிறேன். சாப்பாட்டைப் பற்றி எதுவும் கேட்காமல், "அடகுச் சீட்டெல்லாம் எடுத்துவா தாயி" என்றார் டீச்சர். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து மூன்று சீட்டுகள் வந்தன. ஒரு சங்கிலி, ஒரு ஜோடித் தோடு, பிள்ளையின் மோதிரம். "ஏடிஎம் கார்டு?" என்றார் அடுத்து. அந்தப் பெண் வாசலைப் பார்த்தபடி சொன்னார்: "பணம் தந்தவரிடமே இருக்கிறது டீச்சர்."

இந்த இரண்டு கேள்விகளும் ஏன் சாப்பாட்டுக்கு முன்னால் வருகின்றன என்பதைப் புரிந்துகொண்டால், இந்தக் கடற்கரையின் பசியையும் வீடிழப்பையும் ஓரளவு புரிந்துகொள்ளலாம். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டு கடல், ஒரே கோடை

தமிழகக் கடற்கரையின் நீளம் 1,076 கி.மீ. அதில் ஏறத்தாழ 237 கி.மீ. இராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. வடக்கே எஸ்.பி.பட்டினம், தொண்டி, நம்புதாளை, மோர்ப்பண்ணை, தேவிபட்டினம் என்று பாக் நீரிணையை ஒட்டி இறங்கி, மண்டபத்தைத் தொட்டு, தீவைச் சுற்றி, பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர் என்று மன்னார் வளைகுடாவின் ஓரமாகப் போகிறது. தீவுக்காரர்கள் பாக் நீரிணையை வடகடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்பார்கள். வாடைக்காற்று வீசும்போது வடகடல் கலங்கும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும்போது தென்கடல் கலங்கும். ஒரு பக்கம் கலங்கினால் நாட்டுப்படகை மறுபக்கம் கொண்டுபோய்த் தொழில் செய்வது தலைமுறை வழக்கம். இரண்டு கடல் இருக்கிற ஊரில் எப்படிப் பசி என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதன் காரணமும் அதுதான்.

நாட்டுப்படகுக்குக் கடல் மாற்றிக்கொள்ள முடியும். விசைப்படகை நம்பிய குடும்பங்களுக்கு அந்த வழி இல்லை. நல்ல மாதங்களிலேயே இராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாட்கள்தான் கடலுக்குப் போகின்றன. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கானவை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை அந்த மூன்று நாட்களும் இல்லை. மீன் இனப்பெருக்கத்துக்காக 2001 முதல் 45 நாட்களாக இருந்த தடை, 2017இல் 61 நாட்களாக நீண்டது. தடை வேண்டும். அதில் எனக்கு ஐயமே இல்லை. சினை மீனையும் குஞ்சு மீனையும் வாரிவிட்டால் நாளைக்கு வலையில் சேறுதான் வரும் என்பது கடலோரத்துப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் தடையின் செலவை யார் சுமக்கிறார்கள் என்பது வேறு கேள்வி.

மீனவர் குடும்பத்துக்குத் தடைக்கால நிவாரணமாக மாநில அரசு தரும் தொகை முன்பு 5,000 ரூபாயாக இருந்தது. 2023இல் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் அதை 8,000 ஆக்குவதாக முதல்வர் அறிவித்தார். 61 நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு 131 ரூபாய். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அந்தத் தொகையும் மீனவர் என்று பதிவான குடும்பத்துக்குத்தான். விசைப்படகு நின்றால் கடலில் மட்டும் தொழில் நிற்பதில்லை. ஐஸ் உடைப்பவர், கூடை தூக்குபவர், இறால் தலை கிள்ளும் பெண்கள், துறையில் மீன் எடுத்துக் கருவாடு போடுபவர், மீன் வண்டி ஓட்டுபவர் என்று கரையில் ஒரு பெரிய கூட்டமே கை கட்டி நிற்கிறது. இவர்களில் பலர் மீனவர் பட்டியலில் இல்லை. மீனவர் சங்கத்தில் பெயர் இல்லாதவருக்குத் தடையும் இல்லை, நிவாரணமும் இல்லை என்பது தாளில் உள்ள கணக்கு. வீட்டில் உலை கொதிப்பது வேறு கணக்கு.

இதோடு இன்னொன்று சேர்ந்துகொள்கிறது. பலரும் இதைக் கவனிப்பதில்லை, டீச்சர் சொல்லும்வரை நானும் யோசித்ததில்லை. தடைக்காலமும் பள்ளிக் கோடை விடுமுறையும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டம் மதியச் சோற்றைப் பார்த்துக்கொள்கிறது. 2022 செப்டம்பரில் தொடங்கி அடுத்த ஆண்டு மாநிலமெங்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளின் காலையைப் பார்த்துக்கொள்கிறது. இரண்டு பிள்ளைகள் தொடக்கப்பள்ளியில் படிக்கும் வீட்டில், பள்ளி நாள் ஒவ்வொன்றிலும் நான்கு சாப்பாடு அரசாங்கக் கணக்கில் நடக்கிறது. விடுமுறை விட்ட அன்றே அந்த நான்கும் வீட்டு அடுப்புக்கு வந்துவிடுகின்றன. அப்பாவின் வருமானம் நின்றிருக்கும் அதே காலத்தில். பிறகு ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டு, செருப்பு, மேல்படிப்புக்குப் போகிற பிள்ளை இருந்தால் கட்டணம்.

வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இதன் சிறிய வடிவம் மறுபடியும் வரும். மீன்பிடி குறைந்த காலத்துக்கென்று ஒரு நிவாரணம் இருக்கிறது. பெண்கள் தாங்களே 1,500 ரூபாய் சேமித்து, மத்திய, மாநில அரசுகளின் 3,000 சேர்த்து 4,500 ஆகப் பெறும் சேமிப்பு நிவாரணத் திட்டமும் இருக்கிறது. ஒழுங்காகச் சேமிக்க முடிகிற வீடுகளுக்கு அது நல்ல திட்டம். மாதச் சந்தா கட்ட முடியாமல் நடுவில் விட்ட வீடுதான் டீச்சரின் நோட்டில் இருக்கும்.

வீட்டை விட்டுப் பொருள்கள் போகும் வரிசை

2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷன் அரிசி இலவசம். அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். இந்த ஏற்பாடு மட்டும் இல்லாவிட்டால் கடலோரத்தில் பட்டினிச் சாவுகளைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நான் முழுமனதாக நம்புகிறேன். ஆனால் அரிசியை அப்படியே தின்ன முடியாது. குடிதண்ணீரைக் குடம் கணக்கில் காசுக்கு வாங்குகிற தெருக்கள் இன்னும் இருக்கின்றன. தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய மாவட்டம் இது. சமையல் எரிவாயு, மிளகாய், புளி, மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை, வீட்டு வாடகை. இவற்றில் எதையும் ரேஷன் கடை தராது. மீன் கிடைக்கிற மாதங்களில் குழம்புக்கு மீன் சும்மாவே வந்துவிடும். படகிலிருந்து இறங்குகிறவர் ஒரு கை மீன் எடுத்து வருவார். தடைக்காலத்தில் அதுவும் இல்லை. மற்ற ஊர்களில் ஏழைக்குக் காய்கறி இல்லாமல் போகும். இங்கே கடலை எதிரே வைத்துக்கொண்டு வெறும் சோறு.

ஆகவே இந்தக் கரையில் பசி என்பது பணத்தட்டுப்பாடு. பணம் கடனாகத்தான் வரும். படகுக்காரச் சம்மாட்டி கொடுக்கும் முன்பணம், மீன் வாங்கும் கம்பெனியின் முன்பணம், வாராவாரம் தவணை கட்டும் குழுக்கடன், வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் தண்டல், எல்லாவற்றுக்கும் கடைசியில் மீட்டர் வட்டி. கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. ஆனால் சாயங்காலம் கடன் தந்தவர்மீது, அதே தெருவில் இருந்துகொண்டு, காலையில் புகார் கொடுக்க யார் போவார்கள்?

பொருள்கள் வீட்டை விட்டுப் போவதற்கு ஒரு வரிசை உண்டு என்பார் டீச்சர். முதலில் தோடு. பிறகு சங்கிலி. தாலிக்கொடியில் உள்ள குண்டுமணி அளவு தங்கம் வரைக்கும் அது போகும், மஞ்சள் கயிறு மிஞ்சும். அடுத்து அண்டா, குத்துவிளக்கு. அதற்குப் பிறகு ஏடிஎம் கார்டு, ரகசிய எண்ணோடு. கார்டு போன வீட்டுக்கு அரசு உதவி வருவதும் ஒன்றுதான், வராததும் ஒன்றுதான். தடைக்கால நிவாரணமோ மகளிர் உரிமைத்தொகை 1,000 ரூபாயோ கணக்கில் விழுந்த நிமிடமே கார்டு வைத்திருப்பவர் எடுத்துக்கொள்கிறார். குறுஞ்செய்தி மட்டும் இந்தப் பெண்ணின் கைபேசிக்கு வரும். கார்டுக்கு அடுத்து போவது வீடு.

வீடற்றவர் என்றதும் நம் மனத்தில் வருவது நடைபாதையில் படுத்திருக்கும் உருவம். அந்த உருவம் இராமேஸ்வரத்தில் உண்டு. காசிக்கு அடுத்ததாக வடநாட்டாரும் தேடி வருகிற தலம் இது. பெற்றோரை அழைத்து வந்து கோயில் வாசலில் விட்டுவிட்டு ரயிலேறும் பிள்ளைகளையும் இந்த ஊர் பார்த்திருக்கிறது. ஆனால் கடலோரக் குடும்பங்கள் வீடிழப்பது வெளியே தெரியாது. ஒத்திக்குப் பிடித்திருந்த வீட்டின் ஒத்திப்பணத்தைத் திருப்பி வாங்கிக் கடனை அடைப்பார்கள், அதே வீட்டில் வாடகைக்கு இருப்பார்கள். மூன்று மாத வாடகை நிற்கும். சட்டி பானையோடு தங்கை வீட்டுத் திண்ணைக்குப் போவார்கள். அங்கே மனஸ்தாபம் வரும். பிறகு கடற்கரையில் வலை வைக்கும் கொட்டகை. அரசுக் கணக்கில் இவர்கள் வீடற்றவர்கள் அல்லர், 'உறவினர் வீட்டில்' இருப்பவர்கள். யாத்ரீகர்கள் பெருகப் பெருக, குடும்பத்துக்கு விட்ட வீடுகள் நாள்வாடகை அறைகளாக மாறுவதும் இவர்களை வெளியே தள்ளுகிறது.

இந்தத் தீவுக்கு வீடிழப்பு புதிதில்லை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயல் தனுஷ்கோடியை ஊரோடு கொண்டுபோனது. பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் அதில் போயிற்று. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. ஒரு இரவில் ஒரு ஊர் முழுக்க வீடற்றவர்கள் ஆனார்கள். அதன் பிறகு கடல் மெதுவாக அரிக்கிறது, குடிசைகள் உள்ளே நகர்கின்றன, நகர்ந்த இடம் புறம்போக்கு. 1991இல் தொடங்கி 2011, 2019 என்று திருத்தி வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகள் கரையோரக் கட்டுமானத்துக்கு வரம்பு போடுகின்றன. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் தருகிறார்கள். ஆனால் வீடு கட்டச் சொந்த மனை வேண்டும், மனைக்குப் பட்டா வேண்டும். பட்டா இல்லாதவர் குடிசையில் இருப்பார், குடிசையில் இருப்பவர் அடுத்த புயலில் அதையும் இழப்பார்.

2022 மார்ச்சில் இந்தக் கரைக்கு வேறொரு பசி வந்து சேர்ந்தது. இலங்கையில் விலைவாசி தலைக்கு மேலே போனபோது, கைக்குழந்தைகளோடு சில குடும்பங்கள் படகேறி, தனுஷ்கோடியின் கோடியிலுள்ள அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள மணல்திட்டுகளில் வந்து இறங்கின. பால்மாவும் அரிசியும் வாங்க முடியவில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். தோட்டத் தொழிலாளர்களை இலங்கைக்கு அனுப்புவதற்கு முன் தங்கவைக்க ஆங்கிலேயர் அமைத்த மண்டபம் முகாம், 1983க்குப் பிறகு அகதிகள் முகாமாகி, இப்போது மறுவாழ்வு முகாம் என்ற பெயரில் அவர்களையும் ஏற்றது. கரையில் இறங்கியவர்களுக்கு முதலில் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தவர்கள், தாங்களும் கடனில் இருந்த மீனவர்கள்தான்.

சோறு போடும் மரபும் அதன் எல்லையும்

கொடுப்பது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. சேது யாத்திரை வருகிறவர்களுக்காக, இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் வழிநெடுகச் சத்திரங்கள் கட்டிச் சோறு போட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் கீழக்கரையில் வாழ்ந்த வணிகர் செய்தக்காதி பஞ்சத்தில் அள்ளிக் கொடுத்ததைப் புலவர்கள் பாடினார்கள். 'செத்தும் கொடுத்தான் சீதக்காதி' என்பது இன்றும் நம் வாயில் புழங்குகிறது. நோன்பு மாதத்தில் பள்ளிவாசல் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு எல்லாச் சாதி, எல்லா மதத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்பார்கள். இராமநாதசுவாமி கோயிலில் அன்னதானம் நடக்கிறது. ஓரியூர் அருளானந்தர் தேவாலயத் திருவிழாவுக்குப் போகிறவர் பசியோடு திரும்புவதில்லை.

இந்த மரபை நான் நெஞ்சார மதிக்கிறேன். ஆனால் அது பயணிக்காகவும் பஞ்சத்துக்காகவும் உருவான மரபு. வழிப்போக்கன் உண்டுவிட்டுத் தன் ஊருக்குப் போவான், பஞ்சம் மழை பெய்தால் தீரும். டீச்சர் போகிற வீடுகளில் இருப்பது வேறு. இந்த ஆண்டு கொடுத்த பொட்டலத்தை அடுத்த ஆண்டும் அதே நாளில் கொடுக்க வேண்டியிருக்கும், அடகுச் சீட்டு மட்டும் ஒன்று கூடியிருக்கும்.

அந்த அறக்கட்டளையும் பொட்டலத்தில்தான் தொடங்கியது. சில ஆண்டுகள் மே மாதத்தில் ஐந்து கிலோ அரிசி கொடுத்துப் படம் எடுத்தார்கள். ஒருமுறை வரிசையில் நின்ற ஒரு பெண், கேமராவைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு பையை வாங்காமலே போய்விட்டார். அன்றிரவு டீச்சர் அவர் வீட்டுக்குப் போனார். ரேஷன் அரிசியே வீட்டில் மிச்சம் இருந்தது. அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது மாமனாரின் மருந்துக்குப் பணம். அன்றோடு அரிசி கொடுப்பதையும் படம் எடுப்பதையும் நிறுத்திவிட்டதாகச் சொன்னார்கள். உதவி வாங்குகிறவரின் முகத்தை உதவியின் விலையாகக் கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று நம்மில் பலர் இன்னும் உணரவில்லை. முகநூலைத் திறந்தால் தெரியும்.

நோட்டில் உள்ள பத்திகள்

இப்போது அவர்கள் வேலை ஏப்ரல் முதல் வாரமே, தடை தொடங்கும் முன்பே தொடங்குகிறது. இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். மே நடுவில் போனால் கார்டு அடகுக்குப் போயிருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன வீட்டைப் போல, தாமதமாகத் தெரிய வரும் வீடுகளும் உண்டு. அவற்றை மீட்க மூன்று மடங்கு உழைப்பு.

டீச்சரிடம் நீளமான கணக்கு நோட்டு ஒன்று இருக்கிறது. கோடு போட்டுப் பத்திகள் பிரித்திருக்கிறார். ரேஷன் அட்டை யார் பெயரில், எந்த வகை. வங்கிக் கணக்கு, கார்டு எங்கே. அடகு எங்கே, எப்போது மூழ்கும். வாடகை எத்தனை மாதம் நிலுவை. பிள்ளைகள் எந்த வகுப்பு. கடைசிப் பத்தியின் தலைப்பு 'எந்தத் தாள் இல்லை'. நோட்டில் மிக அதிகமாக எழுதி நிரம்பியிருந்தது அந்தப் பத்திதான்.

சமையல் சாமான்களைப் பொட்டலமாகக் கொடுப்பதில்லை. தெருவிலுள்ள மளிகைக் கடையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு ஒரு சீட்டு. அந்தப் பெண் எல்லோரையும் போலக் கடைக்குப் போய், தனக்கு வேண்டியதைத் தானே கேட்டு வாங்குவார். பருப்பு, முட்டை, மிளகாய்த்தூள், நாப்கின், எதுவானாலும். பின்னால் நிற்பவருக்கு அது கடன்கணக்கா, அறக்கட்டளைக் கணக்கா என்று தெரியாது. விடுமுறை மாதங்களில் கோடை வகுப்பு என்ற பெயரில் பிள்ளைகளை ஒரு கொட்டகையில் கூட்டி, பாட்டும் கணக்கும் சொல்லிக்கொடுத்து, மதியம் சோறும் பயறும் போடுகிறார்கள். பள்ளி மூடியதால் போன சாப்பாடு இப்படித் திரும்பி வருகிறது. வகுப்புக்கு வந்ததாகத்தான் பிள்ளைகள் நினைக்கிறார்கள்.

வாடகை விஷயத்தில் அவர்கள் செய்வது எனக்கு மிகவும் பிடித்தது. நிலுவையை வீட்டுக்காரரிடம் நேரே கட்டுவார்கள், ஒரே நிபந்தனையோடு: முத்திரைத்தாளில் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். வாய்ப்பேச்சில் குடியிருந்த குடும்பத்துக்கு முதன்முறையாக முகவரி என்று ஒன்று கிடைக்கிறது. அந்த ஒப்பந்தத்தை வைத்து ஆதாரில் முகவரி மாற்றம், ஆதாரை வைத்து ரேஷன் அட்டை, அட்டையை வைத்து மருத்துவக் காப்பீடு. ஒரு மாத வாடகைக்கு ஆன செலவு நான்கு தாள்களைத் திறந்துவிடுகிறது. கார்டு பறிபோன வீட்டில் முதல் வேலை வங்கிக்குப் போய்ப் பழைய கார்டை முடக்கிப் புதியது கேட்பது. அதன் பிறகு கடன் கொடுத்தவரிடம் டீச்சரும் ஊர்ப் பெரியவர் ஒருவரும் போய்ப் பேசி, அசலுக்கு ஒரு கணக்குப் போட்டு, தவணை வைப்பார்கள். எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒருமுறை வாசலில் நின்று கேட்கக்கூடாத வார்த்தைகளைக் கேட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். தனியாரிடம் மூழ்கப்போகும் நகையைத் திருப்பிக் கூட்டுறவு வங்கியில் குறைந்த வட்டிக்கு வைப்பதும் உண்டு.

மிகக் கடினமானவை ஆண் துணை இல்லாமல் போன வீடுகள். இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனவரின் வீட்டுக்கு அரசு தினப்படி உண்டு, பத்திரிகையில் பெயரும் வரும். கடலில் காணாமல் போனவரின் வீட்டில் நிலைமை வேறு. உடல் கிடைக்கவில்லை என்றால் இறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்காது. ஏழு ஆண்டுகள் தகவலே இல்லாதவரைத்தான் இறந்தவராகச் சட்டம் கருதும். அதுவரை அந்தப் பெண் விதவையும் இல்லை. மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க முடியாது, கணவர் பெயரில் உள்ள கணக்கையும் எடுக்க முடியாது. 2017இல் ஒக்கிப் புயலில் காணாமல் போனவர்களுக்கு அரசே தனி ஏற்பாடு செய்து நிவாரணம் கொடுத்தது. பெரும் புயலில் பல பேராகப் போனால் அரசு கவனிக்கும், சாதாரண நாளில் ஒருவராகப் போனால் அந்த வீடு தனியாக அலைய வேண்டும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்துக்கு, முதல் பஸ் பிடித்து அப்படி ஒரு பெண்ணோடு டீச்சர் போனார். நானும் போனேன். மனு எழுதித் தருகிறவர் 'காலஞ்சென்ற' என்று தொடங்கினார். அந்தப் பெண் மெதுவாக, "அதைப் போடாதீர்கள் ஐயா" என்றார். வேறு தாள் எடுத்துக் 'காணாமல்போன' என்று எழுதினார்கள்.

வருமானத்துக்கு வழி செய்வதில் அவர்கள் தடுமாறியதையும் சொல்ல வேண்டும். தொடக்கத்தில் தையல் இயந்திரம் கொடுத்தார்கள். ஒரே தெருவில் ஆறு தையல்காரர்கள் ஆனார்கள், தைக்கத் துணி இல்லை. கருவாட்டுப் பெண்களுக்குத் தேவைப்பட்டது புதுத் தொழில் அல்ல, காலை ஏலத்தில் மீன் எடுக்கக் கைமுதல். காலையில் 900 ரூபாய் கொடுத்து மாலையில் 1,000 வாங்கும் கடனில்தான் அவர்கள் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. அந்த நூறு ரூபாய் வட்டி இல்லாமல் போனால் அதுவே ஒரு குடும்பத்தின் குழம்புச் செலவு. இப்போது சிறு தொகையைக் குழுவாகச் சுழற்றுகிறார்கள். திரும்பி வராத பணமும் உண்டு. குடியில் மூழ்கிய கணவனால் இரண்டு முறை மீட்டும் மறுபடி திண்ணைக்கு வந்த வீடும் உண்டு. அந்தப் பெயரையும் நோட்டிலிருந்து அடிக்கவில்லை.

கொடுக்க நினைப்பவர் கேட்க வேண்டியவை

2001 ஆகஸ்ட் 6 அன்று இதே கடற்கரையில், ஏர்வாடியில், மனநலம் குன்றியவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அதற்குப் பிறகுதான் உச்ச நீதிமன்றம் தலையிட்டது, நாடெங்கும் இப்படிப்பட்ட இல்லங்களின் உரிமத்தைக் கேட்கத் தொடங்கினார்கள். பெண்களும் குழந்தைகளும் தங்கும் இல்லங்களுக்கு 2014இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. அடைக்கலம் கொடுக்கிறோம் என்று சொல்பவரிடம் உரிமத்தைக் கேட்பது சந்தேகப் புத்தி ஆகாது. அந்த 28 பேருக்காக யாரும் கேட்கவில்லை. இந்த அறக்கட்டளை இல்லம் நடத்துவதில்லை என்று முடிவெடுத்ததற்கும் அதுவே காரணம். குடும்பத்தைப் பிரித்துப் பிள்ளையை விடுதியிலும் பாட்டியைக் காப்பகத்திலும் சேர்ப்பதைவிட, எல்லோரும் ஒரே கூரையின்கீழ் இருக்க வாடகை கட்டுவது செலவும் குறைவு என்கிறார்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள், ஊருக்குக் கொடுக்கும் மனம் உள்ளவர்கள். அவர்களுக்கு ஒரு செய்தி. இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் கொடுத்தால் அதை வாங்க அறக்கட்டளைக்கு வெளிநாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு வேண்டும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப் பதிவுபெற்ற பெரிய நிறுவனம் தான் பெற்ற வெளிநாட்டுப் பணத்தை இன்னொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. நகரத்துப் பெரிய அமைப்பு வாங்கி, கடலோரச் சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுத்த வழி அதோடு அடைபட்டது. வேலை தெரிந்தவர் ஒரு இடத்தில், பணம் இன்னொரு இடத்தில். ஆகவே இப்போது இந்தச் சிறிய அமைப்புகள் உள்ளூர்க்காரர்களின் மாதம் நூறு, இருநூறு ரூபாயில்தான் ஓடுகின்றன. கொடுப்பவர் மே மாதத்தில் மொத்தமாகக் கொடுப்பதைவிட மார்ச்சிலேயே கொடுத்தால் நல்லது. எவ்வளவு பேருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பதைவிட, போன ஆண்டுப் பட்டியலில் இந்த ஆண்டு எத்தனை பெயர் இல்லை என்று கேட்டால் இன்னும் நல்லது.

முதலில் சொன்ன வீட்டின் கதை முடியவில்லை. கார்டு திரும்பிவிட்டது. தோடு கூட்டுறவு வங்கியில் இருக்கிறது. சங்கிலி மூழ்கிவிட்டது, அதை மீட்க முடியவில்லை. வாடகை ஒப்பந்தத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, அடகுச் சீட்டு இருந்த அதே சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார் அந்தப் பெண்.

ஜூன் 14 இரவு துறைமுகத்தில் திருவிழாக் கூட்டம். ஐஸ் ஏறும், டீசல் ஏறும், விளக்குகள் எரியும், வலைகளுக்குக் கற்பூரம் காட்டுவார்கள். டீச்சர் அங்கே போவதில்லை. வீட்டில் உட்கார்ந்து மறுநாள் காலை போக வேண்டிய வீடுகளின் பட்டியலை எழுதுவார். தடை முடிந்தும் படகேற ஆள் இல்லாத வீடுகள் அந்தப் பட்டியலில் முதலில் இருக்கும்.